"நம்பர் சொல்லுங்க சார்": தனியுரிமை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துணிக்கடை, மருந்துக்கடை, ஆஸ்பத்திரி ஓபி சீட்டு வரிசை, அபார்ட்மென்ட் வாசல் என்று எங்கே போனாலும் நம்மைப் பற்றி யாரோ ஏதோ ஒன்றைக் குறித்துக்கொள்கிறார்கள். அது பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில். எல்லாம் இந்தியச் சட்டத்தை வைத்துச் சொன்னவை. விஷயம் கோர்ட் வரை போகும் என்றால் வக்கீலைப் பாருங்கள்.

பில் போடும்போது போன் நம்பர் கேட்கிறார்கள். கொடுத்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கடைக்காரர் வற்புறுத்துவது முறையற்ற வணிகம் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சொல்லிவிட்டது. "நம்பர் வேண்டாம்மா, பில் மட்டும் போடுங்க" என்றால் போதும். கவுன்ட்டரில் இருக்கும் பெண்ணிடம் கோபப்பட்டுப் பயனில்லை. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த திரைக்குப் போக முடியாதபடி அவருக்குக் கொடுத்த மென்பொருள் இருக்கலாம். பல கடைகளில் ஊழியர்களே பத்து ஒன்பதுகளை அடித்துத் தாண்டிவிடுவார்கள். முடியவே முடியாது என்றால் மேலாளரைக் கேளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் பொருளுக்கும் வாரன்டி பதிவுக்கும் நம்பர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. "எதுக்குங்க?" என்று கேட்டால் ஒரு வரியில் பதில் வர வேண்டும். வந்தால் கொடுக்கலாம்.

ஒரு நம்பர்தானே, அதில் என்ன போய்விடப் போகிறது?

நம் பெயரை வைத்து நம்மைக் கண்டுபிடிப்பது கடினம். முருகன்களும் லட்சுமிகளும் தெருவுக்கு நாலு பேர். கைபேசி எண் அப்படியில்லை. ஓர் எண் ஒருவருக்குத்தான், வேலை மாறினாலும் வீடு மாறினாலும் அது மாறுவதில்லை. வங்கி, ஆதார், கேஸ் இணைப்பு, வாட்ஸ்அப், யுபிஐ எல்லாம் அதில்தான் தொங்குகின்றன. யுபிஐ செயலியில் உங்கள் எண்ணைத் தட்டினால், பணம் அனுப்பாமலே உங்கள் பெயர் திரையில் வந்துவிடும்.

மருந்துக்கடைக்கு நீங்கள் மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்குவது தெரியும். பட்டுச்சேலைக் கடைக்கு வீட்டில் முகூர்த்தம் வருவது தெரியும். நகைக்கடைக் குலுக்கல் கூப்பனில் முகவரி, பிறந்த நாள், திருமண நாள் மூன்றையும் நீங்களே பேனாவால் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பெரிய ரகசியம் இல்லை. உதிரிப் பூவைச் சரமாக்கும் நார் அந்தப் பத்து இலக்கம். சேர்த்துக் கட்டினால் 'ஐம்பது வயதைக் கடந்தவர், சர்க்கரை உண்டு, பெண்ணுக்குக் கல்யாணம், பணத் தேவை இருக்கும்' என்று ஓர் ஆள் எழுந்து நிற்பார். தனிநபர் கடன் வேண்டுமா என்று மதியத் தூக்கத்தில் எழுப்பும் அழைப்பு அவருக்குத்தான் வருகிறது.

எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. அப்படியிருக்க எனக்கு ஏன் இந்தக் கவலை?

உங்கள் சம்பளம் எவ்வளவு, போன வாரம் எந்த டாக்டரைப் பார்த்தீர்கள், ஏடிஎம் ரகசிய எண் என்ன? மூன்றும் தப்பான விஷயம் இல்லை. மூன்றில் எதையும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லவும் மாட்டீர்கள்.

தனியுரிமை என்பது உண்மையிலேயே சட்டத்தில் இருக்கிறதா?

அரசியலமைப்பில் அந்தச் சொல் இல்லை. 1954-லும் 1962-லும் வந்த இரண்டு தீர்ப்புகளில், அப்படி ஓர் அடிப்படை உரிமை கிடையாது என்றே உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைத் திருப்பிப்போட்டதில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றுக்கும் பங்கு உண்டு. அதை நம் ஊரில் அவ்வளவாகப் பேசுவதில்லை.

தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிட இருந்தது. தனக்கும் சில அதிகாரிகளுக்கும் இருந்த தொடர்பை அவர் அதில் எழுதியிருந்தார். வெளியிடக் கூடாது என்று சிறைத்துறையிலிருந்து கடிதம் வந்தது. ஆசிரியர் கோபால் உச்ச நீதிமன்றம் போனார். 1994 அக்டோபரில் தீர்ப்பு. அவதூறு வரும் என்று அஞ்சி அரசோ அதிகாரிகளோ முன்கூட்டியே தடுக்க முடியாது. பொது ஆவணங்களில் இருப்பதை யாரும் எழுதலாம் என்றது நீதிமன்றம். அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னது: ஒருவருடைய குடும்பம், திருமணம், தாய்மை, கல்வி போன்றவற்றை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது; தன்னைத் தன்போக்கில் விடச் சொல்லும் உரிமை, உயிர்வாழும் உரிமையைத் தரும் 21-ஆம் பிரிவுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

ஆனாலும் பழைய தீர்ப்புகள் இதைவிட அதிக நீதிபதிகள் இருந்த அமர்வுகள் தந்தவை. சந்தேகம் தொடர்ந்தது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி, எண்பது வயதைத் தாண்டிய நிலையில், 2012-இல் ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டார். அதில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, தனியுரிமை அடிப்படை உரிமையே என்றார்கள். அரசு அதில் கைவைக்க வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தேவைக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும்.

புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே. இப்போதே புகார் செய்யலாமா?

பொறுங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது 2023 ஆகஸ்ட் 11. அதற்கான விதிகள் வந்தது 2025 நவம்பரில். அதிலும் நிறுவனங்கள் கடைப்பிடிக்க வேண்டிய முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம். அதாவது 2027 மே மாதம்தான் சட்டம் முழு உருவம் எடுக்கும்.

அப்போது கிடைக்கப் போகிறவை சாதாரணமானவை அல்ல. உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்கலாம். தப்பாக இருந்தால் திருத்தச் சொல்லலாம். தேவை முடிந்தால் அழிக்கச் சொல்லலாம். சம்மதத்தைக் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். சம்மதம் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் நீங்கள் விரும்பும் மொழியில் கேட்கலாம். ஆக, தமிழில் கேட்பது உங்கள் உரிமை. அதை எந்தத் தமிழில் எழுதப் போகிறார்களோ என்று எனக்கு இப்போதே பயமாக இருக்கிறது.

சட்டத்துக்குள்ளேயே நல்ல உதாரணம் ஒன்று உண்டு. தொலைமருத்துவச் செயலி ஒன்று, சிகிச்சைக்காகவும் போனிலுள்ள தொடர்பு எண்களைப் பார்க்கவும் சேர்த்துச் சம்மதம் கேட்கிறது. பயனர் இரண்டுக்கும் 'சரி' கொடுத்துவிடுகிறார். வைத்தியத்துக்குத் தொடர்பு எண்கள் தேவையே இல்லை என்பதால், சிகிச்சைக்கு மட்டுமே அவர் சம்மதித்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அவசரத்தில் அமுக்கிய 'சரி' எல்லாவற்றுக்கும் செல்லாது என்பது பெரிய விஷயம்.

குறைகளும் உண்டு. பாதுகாப்பில் கோட்டை விடும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம். அந்தப் பணம் அரசு கஜானாவுக்குப் போகும், பாதிக்கப்பட்ட உங்களுக்கு ஒரு பைசா வராது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில் இழப்பீடு கேட்கும் வழி இருந்தது. புதிய சட்டம் முழுதாக அமலாகும்போது அந்தப் பிரிவு நீங்கிவிடும். பொய்ப் புகார் கொடுத்தால் நமக்கே 10,000 ரூபாய் வரை அபராதம். டிஜிட்டல் வடிவத்துக்கு வராத தாள் பதிவேடுகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பதையும் கவனியுங்கள். வாட்ச்மேன் மேசைமேல் விரித்துக் கிடக்கும் நோட்டு இதில் வராது.

லாட்ஜ், ஆபீஸ், சிம் கடை, எல்லா இடத்திலும் ஆதார் நகல் கேட்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் சட்டம். 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அரசு மானியங்களுக்கும் பான் எண்ணோடு இணைப்பதற்கும் ஆதாரை ஏற்றது. வங்கிக் கணக்குக்கும் சிம்முக்கும் கட்டாயம் என்றதை நீக்கியது. பள்ளிச் சேர்க்கைக்குக் கட்டாயமில்லை என்றது. அடுத்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி, நீங்களாக விரும்பினால் வங்கியிலும் சிம்முக்கும் ஆதாரைக் காட்டலாம் என்று கொண்டுவந்தார்கள். 'நீங்களாக விரும்பினால்' என்பது கடை வாசலுக்கு வரும்போது 'ஆதார் இல்லேன்னா ஆகாது சார்' என்று ஆகிவிடுகிறது. லாட்ஜில் ஏதாவது ஓர் அடையாள அட்டை கேட்பார்கள். ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ கொடுங்கள்.

ஆதாரே கொடுக்க வேண்டி வந்தால் 'மாஸ்க்டு ஆதார்' கொடுங்கள். முதல் எட்டு இலக்கங்கள் மறைந்து கடைசி நாலு மட்டும் தெரியும். மைஆதார் தளத்தில் பதிவிறக்கும்போதே அதற்கான பெட்டி இருக்கும். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், நகலைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள், மறைத்த ஆதாரையே கொடுங்கள் என்று எச்சரித்து அறிக்கை விட்டது. மக்கள் பீதியடைவார்கள் என்று மத்திய அரசு உடனே அதைத் திரும்பப் பெற்றது. அறிக்கையைத்தான் திரும்பப் பெற்றார்கள். அதிலிருந்த யோசனை நல்ல யோசனைதான்.

அதிகம் பேர் யோசிக்காத ஒன்றும் உண்டு. தளத்திலிருந்து இறக்கும் ஆதார் பிடிஎஃப்புக்குக் கடவுச்சொல், ஆங்கிலத்தில் உங்கள் பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த ஆண்டும். ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியும். எனவே கடவுச்சொல் இருக்கிறதே என்று தைரியமாக அந்தக் கோப்பை அனுப்பாதீர்கள். ஜெராக்ஸ் கடையில்தான் இது அதிகம் நடக்கிறது. சுவரில் ஒட்டியிருக்கும் வாட்ஸ்அப் எண்ணுக்கு ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம் மூன்றையும் தட்டிவிடுகிறோம். கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். அந்தக் கணினியில் அடுத்து உட்காருபவர் யார்? பிரிண்ட் எடுத்ததும் அவர் முன்னாலேயே 'எல்லோருக்கும் அழி' என்று அழியுங்கள், பதிவிறக்கிய கோப்பையும் அழிக்கச் சொல்லுங்கள். நகலின் மேல் குறுக்கே "இன்ன வேலைக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுவது பழைய பழக்கம்தான், இன்றைக்கும் பயன்படும்.

கைரேகையைப் பூட்டி வைக்கச் சொல்கிறார்களே, எதற்கு?

ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் முறையில் வங்கிப் பெயர், ஆதார் எண், கைரேகை மூன்றும் போதும். ஓடிபி கிடையாது. கிராமத்துப் பாட்டி உதவித்தொகை எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. ஆனால் பத்திரப்பதிவு ஆவணத்தில் கைரேகையும் ஆதார் எண்ணும் ஒரே தாளில் இருக்கும். அப்படி எடுத்த ரேகையை அச்செடுத்துப் பணம் திருடிய புகார்கள் 2023-இல் கர்நாடகத்தில் வந்தன. மைஆதார் தளத்தில் கைரேகை, கருவிழி இரண்டையும் பூட்டலாம், செலவில்லை. ரேஷன் கடைக்குப் போகும் அன்று தற்காலிகமாகத் திறக்க வேண்டும். மறந்துவிட்டால் வரிசையில் நின்று திரும்ப வேண்டியதுதான். உங்கள் ஆதாரை எங்கெல்லாம் சரிபார்த்தார்கள் என்ற பட்டியலும் அங்கேயே இருக்கிறது. உதவி எண் 1947.

நேற்று வீட்டில் வாஷிங் மெஷின் பற்றிப் பேசினோம், இன்று விளம்பரம் வருகிறது. போன் ஒட்டுக் கேட்கிறதா?

எப்போதும் ஒட்டுக் கேட்டு அனுப்பிக்கொண்டிருந்தால் பேட்டரியும் டேட்டாவும் காட்டிக்கொடுத்துவிடும். இப்போதைய போன்களில் மைக் ஓடினால் திரை மூலையில் ஒரு புள்ளியும் எரியும். குரல் உதவியாளர்கள் கூப்பிடாமலே விழித்துக்கொண்டு பதிவு செய்வது உண்டு. ஐபோனின் குரல் உதவியாளர் 'சிரி' அப்படிச் செய்ததாகப் போட்ட வழக்கில் 9.5 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொள்ள ஆப்பிள் ஒப்புக்கொண்ட செய்தி 2025 ஜனவரியில் வந்தது. தவறு செய்ததாக மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

உங்கள் வாஷிங் மெஷினுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பேச்சு வந்ததற்கு முன்போ பின்போ உங்கள் மகனோ மனைவியோ அதைத் தேடியிருப்பார்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே வைஃபை. கடைக்காரர்கள் தங்களிடம் இருக்கும் வாடிக்கையாளர் எண்களைக் குறியீடாக மாற்றி விளம்பரத் தளங்களில் ஏற்றுவார்கள். தளம் தன்னிடம் உள்ள எண்களோடு பொருத்தி, அதே ஆட்களுக்கும் அவர்களைப் போன்றவர்களுக்கும் விளம்பரம் காட்டும். பில் போடும்போது கேட்ட நம்பர் மறுபடி எங்கே வருகிறது பாருங்கள். ஒட்டுக் கேட்காமலே இவ்வளவு தெரிகிறது என்பதுதான் எனக்கு அதிகக் கிலி தருகிறது.

ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குப் போய் கூகுள், அதில் விளம்பரங்கள் என்ற பகுதியில் 'விளம்பர அடையாளத்தை அழி' என்பதைத் தட்டுங்கள். ஐபோனில் 2021 முதல் ஒவ்வொரு செயலியும் பின்தொடர அனுமதி கேட்டாக வேண்டும். கேட்கும்போது 'வேண்டாம்' என்பதே பதில்.

கடன் செயலிகள் ஏன் தொடர்பு எண்களைக் கேட்கின்றன?

தவணை தவறினால் உங்கள் மாமனாருக்கும் ஆபீஸ் மேனேஜருக்கும் போன் போட்டு மானத்தை வாங்குவதற்கு. வேறு காரணம் இல்லை. கடன் செயலிகள் தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல், போனிலுள்ள கோப்புகள், படங்கள் எதையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே உத்தரவிட்டது. வாடிக்கையாளர் சரிபார்ப்புக்காகக் கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை உங்கள் சம்மதத்தோடு ஒரே ஒருமுறை கேட்கலாம். எனவே தொடர்பு எண்களைக் கேட்கும் கடன் செயலி, அந்த இடத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அழித்துவிடுங்கள். மிரட்டல் ஏற்கெனவே தொடங்கிவிட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்; பணம் கட்டினால் நிறுத்திவிடுவார்கள் என்று நம்பாதீர்கள்.

இதில் இன்னொரு கோணம் உண்டு. தொடர்பு எண்களுக்கு நீங்கள் அனுமதி கொடுக்கும்போது, அதில் இருப்பவர்கள் சார்பிலும் நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

பெண்ணின் ஜாதகத்தையும் பயோடேட்டாவையும் வரன் குரூப்பில் போடலாமா?

நம் ஊரில் தகவல் மிகத் தாராளமாகக் கசியும் இடம் இதுதான். யாரும் திருடுவதில்லை, நாமே அனுப்புகிறோம். ஒரு சாதாரண பயோடேட்டாவைப் பாருங்கள்: முழுப் பெயர், பிறந்த தேதி, நேரம், ஊர், படிப்பு, கம்பெனி, சம்பளம், அப்பா அம்மா வேலை, சொந்த வீடா வாடகையா, குலம் கோத்திரம், முகவரி, போன் நம்பர், மூன்று போட்டோ. எந்த வங்கியின் விண்ணப்பப் படிவத்திலும் இவ்வளவு கேட்க மாட்டார்கள். இது தரகர் கைக்குப் போய், அவரிடமிருந்து சங்க குரூப்புக்கும், அங்கிருந்து பெயரே தெரியாத முந்நூறு பேருக்கும் போகிறது. பெண்ணுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் "வரன் இன்னும் இருக்குதுங்களா?" என்று போன் வரும்.

சொந்தக்காரர் ஒருவர் குடும்ப விஷயமாகப் பகிர்வதைப் புதிய சட்டம் கட்டுப்படுத்தாது. சொந்த, வீட்டு உபயோகத்துக்கு விலக்கு உண்டு. இதைத் தொழிலாகச் செய்யும் தகவல் மையமும் இணையதளமும் சட்டத்துக்குள் வரும். ஆகவே முதல் கட்டத்தில் கொஞ்சமாகக் கொடுங்கள். பொருத்தம் பார்க்க ராசி நட்சத்திரமும் கட்டமும் தசை இருப்பும் போதும். (கெட்டிக்கார ஜோசியர் கட்டத்தைப் பார்த்தே பிறந்த தேதியைச் சொல்லிவிடுவார், ஆனாலும் குரூப்பில் இருப்பவர்கள் எல்லோரும் ஜோசியர் இல்லை.) பெண்ணின் நம்பரைப் போடாதீர்கள், அப்பாவோ தாய்மாமாவோ தனியாக ஒரு நம்பர் வைத்துக்கொள்ளட்டும். கம்பெனிப் பெயருக்குப் பதில் துறை, தெருப் பெயருக்குப் பதில் ஊர். பொருத்தம் இருக்கிறது, பேசலாம் என்று இரண்டு வீடும் சொன்ன பிறகு போட்டோ. 'மாப்பிள்ளை வீட்டார் தப்பாக நினைப்பார்களே' என்றால், இதற்கே தப்பாக நினைக்கும் வீட்டைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொண்டது லாபம்தானே.

பிள்ளைகளின் தகவல்களுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டா?

உண்டு. புதிய சட்டம் முழுதாக அமலானதும், பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோரின் சரிபார்த்த சம்மதம் வேண்டும். அவர்களைப் பின்தொடர்ந்து குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது. மதிப்பெண் பட்டியலைப் போட்டோவோடு பேனரில் அடிக்கும் பழக்கத்தைப் பள்ளிகள் என்ன செய்யப் போகின்றன என்று பார்க்க வேண்டும்.

அரசாங்கம் எடுக்கும் தகவல்களுக்கு யார் கணக்குக் கேட்பது?

இங்கேதான் சட்டம் வாயை மூடிக்கொள்கிறது. இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைக் காட்டி எந்த அரசு அமைப்புக்கும் முழு விலக்கு கொடுக்க மத்திய அரசால் முடியும். மானியம், சான்றிதழ் போன்றவற்றுக்குப் பல நேரங்களில் சம்மதமே கேட்க வேண்டியதில்லை. நம்மைப் பற்றி மிக அதிகம் வைத்திருப்பவர் அரசாங்கம். அவருக்கே கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. அரசிடம் போனால் பத்திரமாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது: தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள் 2024 மே மாதம் யாரோ புகுந்த செய்தி வந்தது.

போன் ஒட்டுக்கேட்பில் மட்டும் சற்று ஆறுதல். பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற காரணம் இல்லாமல், ஒரு குற்றத்தைத் துப்புத் துலக்குவதற்காக மட்டும் ரகசியமாக ஒட்டுக்கேட்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. 2011-இல் ஒரு லஞ்ச வழக்குக்காக உள்துறை போட்ட உத்தரவு அதில் ரத்தானது. ஆனால் யார் யாரிடம் எப்போது பேசினார்கள் என்ற அழைப்புப் பதிவு வேறு. அதைத் தொலைபேசி நிறுவனங்கள் இரண்டு ஆண்டுகளாவது வைத்திருக்க வேண்டும், காவல்துறை சட்டப்படி கேட்டால் கொடுக்க வேண்டும்.

தனியுரிமையின் பெயரால் அரசு தன்னையே மறைத்துக்கொள்ளும் கூத்தும் நடக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவில், பொதுநலன் இருந்தால் தனிநபர் தகவலையும் கொடுக்கலாம் என்று இருந்தது. புதிய சட்டம் அந்த வரியை வெட்டிவிட்டது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த பகுதிகளில் இதுவும் ஒன்று. குடிமக்களுக்கு உரிமை 2027-இல், அதிகாரிகளுக்குக் கேடயம் 2025-இல். பொதுநலனைக் காட்டிக் கேட்க 8(2) என்ற பொதுவான பிரிவு இன்னும் இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு மனு எழுதுங்கள்.

கணவன் மனைவிக்குள் தனியுரிமை உண்டா?

உண்டு. மனைவியின் அழைப்புப் பட்டியலை அவருக்குத் தெரியாமல் எடுத்து விவாகரத்து வழக்கில் காட்ட வந்த கணவரை, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 அக்டோபரில் தடுத்தது. ஒருவரை ஒருவர் வேவு பார்ப்பது மண வாழ்வின் அடித்தளத்தையே தகர்க்கும் என்பது அதன் பார்வை. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், தம்பதியருக்குள் ரகசியமாகப் பதிவு செய்த பேச்சை அவர்களுக்கு இடையிலான வழக்கில் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. வேவு பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டால் உறவு ஏற்கெனவே முறிந்திருக்கிறது என்பது அதன் வாதம். இரண்டும் நியாயமாகத்தான் படுகின்றன. சாட்சியமாகச் செல்லும் என்பதால், எடுத்த செயல் குற்றமில்லை என்று ஆகிவிடாது.

என் தகவல் கசிந்துவிட்டது என்று செய்தி பார்த்தேன். இனி என்ன?

2024 செப்டம்பரில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவன வாடிக்கையாளர்களின் மருத்துவ அறிக்கைகளும் இழப்பீட்டு ஆவணங்களும் டெலிகிராம் செயலியின் 'பாட்' எனும் தானியங்கிக் கணக்குகள் வழியாகக் கிடைத்தன. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் டெலிகிராம் மீதும் ஊடுருவியவர் மீதும் வழக்குப் போட்டது. கடவுச்சொல்லை மாற்றலாம், ரத்தப் பரிசோதனை முடிவை எப்படி மாற்றுவது? கசிந்த பிறகு செய்யக்கூடியது, அடுத்த அடியைத் தடுப்பது மட்டுமே. மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். உங்கள் பாலிசி எண்ணையும் நோயையும் சரியாகச் சொல்லி ஒருவர் பேசினால், நிஜ ஆளாகத்தான் இருக்கும் என்று நம்பாதீர்கள். கசிந்த தகவலின் முக்கியமான உபயோகமே அந்த நம்பிக்கையை உண்டாக்குவதுதான். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கின்றன என்று பார்த்து, உங்களுடையது அல்லாததைத் தெரிவியுங்கள். பணம் போயிருந்தால் நிமிடமும் தாமதிக்காமல் 1930.

புதிய விதிகள் அமலானபின், கசிவு தெரிந்ததும் நிறுவனம் தாமதமின்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் தர வேண்டும்.

விடுதலையான வழக்கு, கூகுளில் பெயரைத் தட்டினால் இன்னும் வருகிறது. அழிக்க முடியுமா?

சட்டம் இன்னும் தெளிவாகவில்லை. விடுவிக்கப்பட்ட ஒருவர் தன் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கக் கேட்டதை 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி ஏற்கவில்லை. 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு ஏற்றது. அந்த ஆண்டு ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது.

தொல்லை அழைப்புகளை நிறுத்த வழி உண்டா?

1909-க்கு அழைத்தோ குறுஞ்செய்தி அனுப்பியோ விளம்பர அழைப்புகள் வேண்டாம் என்று பதியலாம். முழுதாக நிற்காது, குறையும். பதிவு செய்த விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்து வரும். சாதாரணப் பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து ஒருவர் பேங்க் என்று பேசினால் அதுவே சந்தேகத்துக்குக் காரணம்.

நான் இறந்த பிறகு என் தகவல்கள் யாருக்கு?

வங்கிக் கணக்குக்கு நாமினி போடுவது போலவே, உங்கள் தரவு உரிமைகளைக் கையாள ஒருவரை நியமிக்கப் புதிய சட்டம் இடம் தருகிறது. இறந்தால் மட்டுமில்லை, நினைவிழந்தோ உடல் முடங்கியோ போனாலும் அவர் உங்கள் சார்பில் திருத்தவும் அழிக்கவும் கேட்கலாம். நிறுவனங்கள் இந்த வசதியைத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். கூகுளில் செயலற்ற கணக்கு மேலாளர் என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட மாதங்கள் நீங்கள் உள்ளே வராவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும், கணக்கை அழிக்க வேண்டுமா என்று இப்போதே எழுதி வைக்கலாம். ஐபோனில் மரபுத் தொடர்பு என்ற பெயரில், இறந்த பிறகு கணக்கைத் திறக்க ஒருவரை நியமிக்கும் ஏற்பாடு உண்டு.